28 நாள் கணக்கு

நம்மை யாரோ எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பேருந்தில் ஏறும்போது அட்டையைத் தட்டுகிறோம். எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பது பதிவாகிறது. கைக்கடிகாரம் காலடிகளை எண்ணுகிறது. போன வாரம் எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தோம் என்று கைப்பேசி கணக்கு ஒப்பிக்கிறது. ஆண்டுக் கடைசியில் பாட்டுச் செயலி வந்து, "இந்த வருஷம் நீங்க அதிகமா கேட்டது இவரைத்தான்" என்கிறது. நாமும் அதைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம்.

இதெல்லாம் நம்மைப் பற்றிய தரவுதான். ஆனால் கேள்வி நம்முடையது இல்லை. எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு யாரோ. காலடியை எண்ணும் கடிகாரம், அந்தக் காலடி கோயிலுக்குப் போனதா, ரொம்ப நாளாகப் பேசாத நண்பனைப் பார்க்கப் போனதா என்று கேட்பதில்லை.

இந்த மாதப் பாடம் இதற்கு நேர்மாறானது. நம் அன்றாட வாழ்க்கையிலிருந்து நாமே ஒரு கேள்வியை எடுத்து, நாமே எண்ணி, நாமே உட்கார்ந்து படித்துப் பார்ப்பது. இதற்குச் 'சொந்தத் தரவு முயற்சி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, 28 நாள் போதும்.

எண்ணுவது நமக்குப் புதிதா?

எண்ணிப் பதிந்து வைப்பது கணினியோடு வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். 'ஸ்ரீராமஜெயம்' எழுதிய நோட்டு ஒன்று அலமாரியில் இருக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை, மொத்தம் இத்தனை என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்திருப்பார்கள். ஜபமாலையில் 108 மணி. சபரிமலைக்கு 41 நாள் விரதம். மார்கழிக்குத் திருப்பாவையில் 30 பாசுரம். இங்கே எண்ணிக்கை பக்திக்குப் பதிலாக வரவில்லை. மனம் அலையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 1010-இல் நிறைவடைந்த கோயில் அது. யார் என்ன நகை கொடுத்தார், அதன் எடை என்ன என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கோயில் பணிக்காக ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும்கூட இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெண்களின் பெயரை நாம் படிக்க முடிகிறது. காரணம், சலிக்காமல் யாரோ எழுதி வைத்தார்கள்.

அரசனுக்குத்தான் அது சாத்தியமா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, ஊரில் என்ன பேச்சு, வியாபாரம் எப்படி என்று வந்ததை வந்தபடி எழுதி வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை அறிய இன்று வரலாற்றாசிரியர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1888-இல் 18 வயதில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதினார். வண்டிக் கூலி, தபால் செலவு எல்லாம் அதில் அடக்கம். தூங்கப் போகும் முன் கணக்கை நேர்செய்வார். கணக்கைப் பார்த்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? செலவைக் குறைக்கச் சின்ன அறைக்கு மாறினார். வண்டியை விட்டு நடக்கத் தொடங்கினார், நாளைக்கு எட்டு, பத்து மைல். அந்த நடைதான் தன் உடம்பைக் காத்தது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் சொல்கிறார். எழுதியதோடு நிற்காமல், எழுதியதைப் படித்து நடையை மாற்றினார். நம் பாடத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அஞ்சலட்டையில் ஒரு வாரம்

இந்தக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. நியூயார்க்கில் வாழ்ந்த ஜார்ஜியா லூபி, லண்டனில் வாழ்ந்த ஸ்டெஃபனி பொசாவெக் இருவரும் தகவல் வடிவமைப்பாளர்கள். அதற்கு முன் இரண்டே முறைதான் நேரில் சந்தித்திருந்தார்கள். 2014-இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாரம் ஒரு விஷயத்தை இருவரும் எண்ண வேண்டும். அதைக் கையால் படமாக வரைந்து, அஞ்சலட்டையில் மற்றவருக்கு அனுப்ப வேண்டும். 52 வாரம் இப்படியே ஓடியது.

என்ன எண்ணினார்கள்? எத்தனை முறை மணி பார்த்தோம். எத்தனை முறை நன்றி சொன்னோம். எத்தனை முறை குறைபட்டுக்கொண்டோம். எத்தனை கதவுகளைக் கடந்தோம். அவ்வளவுதான்! 2016-இல் 'டியர் டேட்டா' என்ற புத்தகமாக அது வந்தது. அந்த அஞ்சலட்டைகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாக்கிறது.

நன்றி சொன்னதை எண்ண ஆரம்பித்தால், யாருக்குச் சொல்கிறோம், யாருக்குச் சொல்வதே இல்லை என்பது தானாகத் தெரிய வரும். கடைக்காரருக்குத் தவறாமல் சொல்லும் நாம், தினமும் சாப்பாடு எடுத்து வைக்கும் அம்மாவுக்குச் சொல்கிறோமா? சின்னக் கேள்விதான், ஆனால் நேராக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

என் கேள்வி: தமிழ் எங்கே நிற்கிறது?

நான் எடுத்துக்கொண்ட கேள்வியைச் சொல்கிறேன். அது நம் எல்லோருக்கும் சொந்தமான கேள்வி.

சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி எது என்று கேட்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் தமிழ் என்று சொன்னவர்கள் 2010-இல் 36.7 விழுக்காடு, 2020-இல் 29.2 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 41.6-இலிருந்து 59.2-க்கு உயர்ந்தது.

இந்த எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, 'இந்தியர்' என்ற தொகுப்பில் மலையாளம், தெலுங்கு, இந்தி, பஞ்சாபி பேசுவோரும் உண்டு. எதற்கு விழுக்காடு என்று தெரியாமல் விழுக்காட்டைப் படிக்கக் கூடாது. இரண்டு, 'மிக அதிகமாக' என்று கேட்டால் ஒருவருக்கு ஒரு பெட்டிதான். பாதி தமிழ், பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆங்கிலம் பேசுபவர் ஆங்கிலப் பெட்டிக்குள் போய்விடுவார்.

அதைவிட முக்கியமானது, நாட்டுக் கணக்கு என் வீட்டுக் கணக்கைச் சொல்லாது. எங்கள் ஈசூன் வீட்டில் ஐந்து பேர்: பாட்டி, அப்பா, அம்மா, தம்பி, நான். 'எங்க வீட்டுல தமிழ்தான்' என்று யார் கேட்டாலும் சொல்வோம். உண்மையாகவா? பார்த்துவிடலாம் என்று நோட்டை எடுத்தேன்.

விதி இது: இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் பேச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. யாரோடு, எதைப் பற்றி, எந்த மொழியில் தொடங்கியது, எந்த மொழியில் முடிந்தது என்று நான்கு கட்டம். அலுவலக வேலை நேரப் பேச்சு சேராது. இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், விட்டதைப் பூர்த்தி செய்ய. 28 நாள்.

மொத்தம் 196 வரி வந்தது. தமிழில் தொடங்கியவை 88. அந்த 88-இல் தமிழிலேயே முடிந்தவை 41. மீதி 47 பேச்சு நடுவில் எங்கேயோ ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டது.

தாவிய 47-ஐப் பிரித்தேன். தம்பியோடு 19, நண்பர்களோடு 12, அம்மாவோடு 11, கடைகளில் 5. தாவாத 41-ஐயும் பிரித்தேன். பாட்டியோடு 26, கோயிலில் 9, தேக்காவில் காய்கறி, பூ வாங்கும்போது 6. தாவாத பட்டியலில் தம்பி ஒரு முறைகூட இல்லை.

'எதைப் பற்றி' என்ற கட்டம்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. தம்பியோடு பேச்சு "சாப்டியா?" என்று தமிழில் தொடங்கும். "எங்க போற, எப்ப வருவ" வரை தமிழ் தாங்கும். அவன் தேசிய சேவையைப் பற்றியோ, காற்பந்தைப் பற்றியோ, அடுத்து என்ன படிப்பது என்றோ பேச்சு திரும்பிய கணமே மொழி மாறிவிடும். அதாவது எங்கள் தமிழில் பாசத்துக்குக் குறையில்லை, திட்டுவதற்கும் குறையில்லை. வளர்ந்தவர்கள் பேசும் விஷயத்துக்குத்தான் அதில் இடமே கொடுக்கவில்லை. பத்து வயதில் நாங்கள் பேசிய தமிழ் அப்படியே நிற்க, நாங்கள் மட்டும் வளர்ந்துவிட்டோம்.

இன்னொரு எண்ணும் என்னை விடவில்லை. 41-இல் 26 பாட்டி. பாட்டிக்கு வயது 81. எங்கள் வீட்டில் தமிழ் எந்தத் தூணில் நிற்கிறது என்று சொல்ல இதற்கு மேல் கணக்கு வேண்டியதில்லை.

பாட்டியிடம் நோட்டைக் காட்டினேன். "என்னப் பத்தி என்னடி எழுதிருக்க?" என்றார். படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் உன்னத் திட்டுனதெல்லாம் இதுல சேத்தியா?" என்றார். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா சேத்திதான் பாட்டி" என்றேன். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அவன் ஏன் எங்கிட்ட கேம்ப்புல நடக்கறதப் பத்திப் பேசறதே இல்ல?" என்று கேட்டார். என் அட்டவணையில் இல்லாத கேள்வி அது.

அடுத்த 28 நாளுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்தோம். தம்பி வீட்டுக்கு வரும் வார இறுதியில், எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீடு வரை நடக்கும் கால் மணி நேரம், எந்த விஷயமானாலும் தமிழில். முதல் நாளே அவன் கேட்டான்: "அக்கா, ஆஃப்சைடுக்குத் தமிழ்ல என்ன?" "ஆஃப்சைடுதான்டா. சொல்லு, யாரு ஆஃப்சைடு?" என்றேன். சொல் எந்த மொழியில் வந்தாலும் பரவாயில்லை, வாக்கியம் தமிழில் முடியட்டும் என்பதே எங்கள் விதி. இரண்டாம் சுற்றில் தம்பியோடு தமிழில் தொடங்கித் தமிழிலேயே முடிந்தவை 8. முன்பு பூஜ்யம். எட்டு பெரிய எண் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எட்டில் ஒன்று, அவன் பாட்டியிடம் உட்கார்ந்து தன் காவல் பணி இரவைப் பற்றிச் சொன்னது. அங்கே நான் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விதியைக் கொஞ்சம் தளர்த்தி அதையும் எழுதிக்கொண்டேன்.

நீங்கள் எப்படிச் செய்வது?

1. கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'நான் நல்ல மனிதனா?' என்று எண்ண முடியாது. 'இந்த வாரம் யாருக்கெல்லாம் நானாக போன் செய்தேன்?' என்று எண்ண முடியும். விடை என்ன என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத கேள்வியாக எடுங்கள்.

2. எதை 'ஒன்று' என்று எண்ணுவது? முதலிலேயே எழுதி வையுங்கள். என் 'இரண்டு நிமிடம்' மாதிரி. நடுவில் விதியை மாற்றினால், எந்த நாளிலிருந்து மாற்றினீர்கள் என்று குறியுங்கள்.

3. நான்கு கட்டத்துக்கு மேல் வேண்டாம். கட்டம் கூடினால் மூன்றாம் நாளே கை வலிக்கும், நோட்டு மூலைக்குப் போய்விடும்.

4. முழு வாரங்களாக எண்ணுங்கள். நம் வெள்ளிக்கிழமையும் புதன்கிழமையும் ஒன்றாக இருப்பதில்லை. 28 நாளில் ஒவ்வொரு கிழமையும் சரியாக நான்கு முறை வரும். தீபாவளி, தைப்பூசம் வரும் மாதம் வேறு மாதிரி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. கடைசியில் கையால் வரையுங்கள். புள்ளி, கோடு, வண்ணம், எது வேண்டுமானாலும். எக்செல் தெரிந்தவர்கள் பிறகு அதிலும் போடலாம். வரையும்போது கை மெதுவாகப் போகும், கண் அப்போதுதான் கவனிக்கும்.

6. ஒரே ஒரு மாற்றம். பிறகு மறுபடி எண்ணுங்கள்.

உங்கள் பொழுதுபோக்கு எதுவோ அதிலிருந்தே தொடங்கலாம். சில யோசனைகள்:

நடப்பவர்களுக்கு: சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் வரை ஒரு பக்கமாக நடந்து கடைப் பலகைகளை எண்ணுங்கள். தமிழ் எத்தனையில் இருக்கிறது? பெரிய எழுத்திலா, ஓரத்திலா? எழுத்துப் பிழை எத்தனை? திரும்பி வரும்போது எதிர்ப் பக்கம். ஆறு மாதம் கழித்து மறுபடி போனால் லிட்டில் இந்தியா எப்படி மாறுகிறது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

சமைப்பவர்களுக்கு: 28 நாளில் வீட்டில் எத்தனை வகைக் கீரை சமைத்தோம்? யாருக்கு எந்தக் குழம்பு செய்யத் தெரியும்? அம்மாவுக்கு மட்டும் தெரிந்த பதார்த்தம் எத்தனை? கடைசிக் கேள்விக்கு விடை வந்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோலம் போடுபவர்களுக்கு: எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை இழையில் முடிந்தது, யாரிடம் கற்றது என்று எழுதுங்கள். வீவக வீட்டு வாசல் சின்னதுதான், ஆனால் இதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினிக் கோட்பாட்டில் பயன்படும் இலக்கண விதிகளால் கோலங்களை உருவாக்கலாம் என்று அது காட்டியது. வாசலில் போட்ட கோலத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் செய்த வேலை அது.

எதை எண்ணக் கூடாது?

சித்திரகுப்தன் எல்லோருடைய பாவ புண்ணியத்தையும் எழுதுகிறான் என்பார்கள். அவன் எழுதுவது தீர்ப்புக்காக. நாம் எழுதுவது புரிந்துகொள்ள. இந்த வித்தியாசத்தை மறந்தால் மூன்று ஆபத்து.

முதலாவது, அடுத்தவரின் கணக்கு. என் நோட்டில் என் பாட்டியும் தம்பியும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரில் 2012-இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முக்கியமாக நிறுவனங்களுக்கானது. வீட்டுக்குள் நாம் சொந்தமாக வைக்கும் நோட்டுக்குப் பொருந்தாது. சட்டம் கேட்காவிட்டாலும் தர்மம் கேட்கும். நண்பன் எத்தனை முறை கோபப்பட்டான் என்று அவனுக்குத் தெரியாமல் எழுதுவது வேவு பார்ப்பது.

இரண்டாவது, எண்ணுக்காக வாழ்வது. பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் சொன்ன கருத்து ஒன்று உண்டு. அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்று அதைப் பின்னாளில் சுருக்கினார்கள். 10,000 காலடி எட்டவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு வரவேற்பறையில் சுற்றிச் சுற்றி நடந்தவர்களுக்கு இது புரியும். 108-ஐ முடிக்க வேண்டும் என்று மணியை மட்டும் உருட்டினால் மாலை நகரும், மனம் நகராது.

மூன்றாவது, ஒப்பிடுவது. உன் கணக்கு உனக்கு. வகுப்பில் யார் அதிகம் என்று பட்டியல் போட்டால், அடுத்த வாரம் எல்லோரும் நல்ல எண்ணாக எழுதிக்கொண்டு வருவார்கள், உண்மையான எண்ணாக இருக்காது.

கலந்துரையாட

1. உங்கள் கைப்பேசி உங்களைப் பற்றி எண்ணும் மூன்று விஷயங்கள் என்ன? அதில் நீங்களே கேட்டிருக்கக்கூடிய கேள்வி எது?

2. உங்கள் வீட்டில் தமிழ் யாரோடு நிற்கிறது? எந்த விஷயம் வரும்போது தாவுகிறது? எண்ணும் முன் ஒரு ஊகம் எழுதி, மடித்து வையுங்கள். 28 நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள்.

3. வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சொல், பாட்டு, பதார்த்தம், விரதக் கதை என்று பத்து கண்டுபிடிக்க முடியுமா? அவர் யார்?

4. எண்ணவே கூடாது என்று நீங்கள் நினைக்கும் ஒரு விஷயம் என்ன? ஏன்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டு நாங்கள் தருகிறோம். விடை இன்னும் வேண்டாம்.